முட்டில் ஈட்டி மரங்கள்: பட்டா நிலத்தில் நின்றது யாருடைய மரம்?

2020 அக்டோபர் 24 அன்று கேரள வருவாய்த்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. அரசு ஒப்படை செய்த (அதாவது உரிமை எழுதிக் கொடுத்த) நிலத்தில் பட்டயம் என்ற உரிமைப் பத்திரம் கிடைத்த பிறகு விவசாயி நட்டு வளர்த்த மரம், தானாக முளைத்து வளர்ந்த மரம், பட்டயம் வாங்கும்போதே விலை கட்டிய மரம் ஆகியவை, சந்தனம் நீங்கலாக, விவசாயிக்கே சொந்தம்; வெட்டிக்கொள்ளலாம் என்றது அது. அதோடு நிற்கவில்லை. வெட்டுவதைத் தடுக்கும் அதிகாரிகள் மீது கடும் நடவடிக்கை பாயும் என்றும் சேர்த்து எழுதியிருந்தார்கள். 2021 பிப்ரவரி 2 அன்று ஆணை ரத்தானது. இடையில் இருந்தது 101 நாள். அந்த நாட்களில் வயநாடு மாவட்டம் வைத்திரி வட்டத்தின் முட்டில் தெற்கு கிராமத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி (ரோஸ்வுட்) மரங்கள் சாய்ந்தன. இடுக்கி, திருச்சூர் போன்ற மற்ற மாவட்டங்களிலும் இதே ஆணையைக் காட்டி மரங்கள் வெட்டப்பட்டன. ஆனால் வழக்காக வளர்ந்து பெயர் பெற்றது முட்டில்தான்.

அப்போது வந்த செய்திகளில் பெரும்பாலானவை அரசியலைச் சுற்றியே இருந்தன: ஆணையை யார் எழுதச் சொன்னார்கள், எந்த அமைச்சர், எந்தக் கட்சி என்று. அதற்குள் நான் போகப்போவதில்லை. நிலமும் மரமும் கையில் வைத்திருந்த குடும்பங்கள் இந்த வியாபாரத்தில் என்ன விற்றன, என்ன வாங்கின என்பதுதான் எனக்கு முக்கியம். சொந்த நிலத்தில் பெரிய மரம் வைத்திருக்கும் யாரும் படித்துப் பார்க்க வேண்டிய வழக்கு இது.

முட்டில், கல்பெட்டாவுக்கும் மீனங்காடிக்கும் நடுவே, கோழிக்கோட்டிலிருந்து மைசூர்ப் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. சாலையை விட்டு உள்ளே போனால் காப்பித் தோட்டம். பெரும்பாலும் சிறு விவசாயிகள். ரொபஸ்டா காப்பி, மிளகு, பாக்கு, கொஞ்சம் வாழை. காப்பிக்கு நிழல் வேண்டும், மிளகுக்குக் கொடி ஏற ஒரு தடி வேண்டும். இரண்டுக்கும் பழைய காட்டு மரங்கள் உதவும். அப்படித்தான் ஈட்டி அங்கே தப்பிப் பிழைத்து நின்றது. மெதுவாக வளரும் மரம். வெளிச்சுற்றில் உள்ள வெளுத்த வெள்ளைக்கட்டைக்கு விலை இல்லை. நடுவில் இருக்கும் கருஞ்சிவப்புக் கெட்டிக்கட்டைக்கு, அதாவது வைரத்துக்குத்தான் விலை. வைரம் தேறத் தலைமுறைகள் ஆகும். 2017 ஜனவரி முதல் இந்த இனம் முழுவதும் அழிவாபத்து உயிரினங்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதாவது நாடு விட்டு நாடு விற்க அனுமதி வேண்டும்; வரத்தும் குறைவு, விலையும் அதிகம். காப்பி விலை விழுந்த வருடங்களில், தோட்டத்தில் நிற்கும் ஒரே ஒரு ஈட்டி அந்த நிலத்தின் பல வருட விளைச்சலை விட அதிகம் பெறும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரருக்கும் தெரியும், புரோக்கருக்கும் தெரியும்.

ஆனால் மரம் வீட்டுக்காரருடையதா?

வயநாடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஜென்மிகளின் (பரம்பரை நிலக்கிழார்களின்) காடுகளும் அரசுக் காடுகளுமாகக் கிடந்த இடத்துக்கு 1940களிலிருந்து திருவிதாங்கூர்ப் பக்கத்துக் குடியேறிகள் வந்தார்கள். குறுமர், குறிச்சியர், பணியர் போன்ற பழங்குடியினர் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அங்கே இருந்தார்கள். கையில் இருந்த அரசு நிலத்துக்கு உரிமை கொடுக்கக் கேரளம் 1960இல் நில ஒப்படைச் சட்டமும் 1964இல் அதற்கான விதிகளும் கொண்டுவந்தது. அந்த விதிகளின்படி கொடுக்கும் பட்டயத்தில் நிலம் விவசாயிக்குப் போகும். தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி ஆகிய ஒதுக்கப்பட்ட மரங்கள் அரசிடமே தங்கும். பட்டயத்தோடு மரப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் அரசுக்கென்று குறித்த மரங்களைப் பாதுகாக்கும் பொறுப்பு மட்டும் பட்டயக்காரருக்கு. காவலுக்குக் கூலி கிடையாது.

அரசு ஏன் இப்படிச் செய்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. நிலத்தை விட மரம் விலை கூடியது. சேர்த்துக் கொடுத்திருந்தால் மறு வாரமே மரம் மில்லுக்குப் போயிருக்கும். ஆனால் ஐம்பது அறுபது வருடம் போன பிறகு இந்த ஏற்பாடு வேறு விதமாக வேலை செய்யத் தொடங்கியது. தோட்டத்தில் தானாக முளைக்கும் ஈட்டிக் கன்றை விட்டுவைத்தால் நாளைக்கு அது அரசு மரம், நம் தலைவலி என்று களையோடு பிடுங்கி எறிகிறார்கள் என்று விவசாய அமைப்புகள் பல காலமாகச் சொல்லிவந்தன. 1975இல் பட்டயம் வாங்கியவர் அடுத்த வருடம் நட்ட தேக்கு அவருடையதா, அரசுடையதா? நியாயமான கேள்வி. காடல்லாத பகுதிகளில் மரம் வளர்ப்பை ஊக்குவிக்க 2005இல் கேரளம் தனிச் சட்டமே போட்டது. 2017இல் ஒப்படை விதிகளும் விவசாயி வளர்த்த மரத்துக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டன. 2020 மார்ச் 11 அன்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சிதான் அக்டோபர் ஆணை. ஆக, அது வானத்திலிருந்து விழுந்த சதி ஆணை என்று மட்டும் எழுதுவது சரியல்ல. அதன் பின்னால் உண்மையான குறை ஒன்று இருந்தது.

கோளாறு எழுதிய விதத்தில் இருந்தது. பட்டயத்துக்குப் பிறகு வளர்ந்த மரம் என்று சொன்ன ஆணை, அதை யார், எதை வைத்து முடிவு செய்வது என்று சொல்லவில்லை. பட்டயத்தோடு இருக்கும் மரப் பட்டியலைப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும் என்று ஒரு வரி இருந்திருந்தால் முட்டில் நடந்திருக்காது என்பது என் எண்ணம். அதற்குப் பதிலாக, சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்கக்கூடிய அதிகாரிக்கு மிரட்டல் வரி இருந்தது.

வியாபாரம் எப்படி நடந்தது?

நில உடைமையாளர்கள் பிறகு நிருபர்களிடமும் விசாரணைக்காரர்களிடமும் சொன்னவற்றில் பெரிய வித்தியாசமில்லை. வாங்க வந்தவர்கள், அரசே அனுமதி கொடுத்துவிட்டது, காகிதமெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கொஞ்சம் முன்பணம் கொடுத்தார்கள். வாழவற்றைப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கிடைத்த தொகை மரத்தின் மதிப்புக்குப் பக்கத்தில்கூட வராது. மீதி, மரம் போய்ச் சேர்ந்த பிறகு. விற்றவர்களில் பலர் அந்த அக்டோபர் ஆணையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் பெயரில் கிராம அலுவலகத்துக்குப் போன விண்ணப்பங்களில் சில அவர்கள் எழுதியவையே அல்ல, போலியாகத் தயாரித்தவை என்று கையெழுத்துப் பரிசோதனைக்குப் பிறகு போலீஸ் தரப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இதை மறுக்கிறார்கள். தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம். என்றாலும் விண்ணப்பம் யார் பெயரில் போனதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் மரம் வெட்டியவர். அனுமதியையும் நாங்களே வாங்கித் தருகிறோம் என்று வியாபாரி சொல்லும்போது உதவி மாதிரித்தான் தெரியும். உண்மையில் அவர் தன் அபாயத்தை நம் பெயரில் பதிவு செய்கிறார்.

இங்கே மர வியாபாரக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தாலும் விற்பவர் ஏமாறும் இடம் இது. தென்னிந்தியாவில் தடியை அளக்கக் காலகாலமாக இருக்கும் முறை, நடுச்சுற்றளவில் கால் பங்கை எடுத்து அதை அதாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்குவது. எட்டடிச் சுற்று, இருபதடி நீளம் என்றால் 2 × 2 × 20, அதாவது 80 கன அடி. அதே தடியை உருளையாகக் கணக்குப் போட்டால் 102 கன அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். கால்சுற்று முறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கிலேயே வராது. அறுவையில் கழியும் பட்டைக்கும் விளிம்புக்கும் அது சரியாய்ப் போகும் என்பது வியாபாரிகள் சொல்லும் நியாயம். பலகை மரத்துக்கு அது ஓரளவு ஒத்துக்கொள்ளக்கூடியதுதான். விலையும் அந்த அளவை வைத்தே பேசப்படுவதால் இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால் நஷ்டமில்லை. ஆனால் ஈட்டி வாங்க வருகிறவர் பெரும்பாலும் அளக்கவே மாட்டார். நின்ற நிலையிலேயே மொத்தமாக ஒரு தொகை சொல்வார். உள்ளே பொந்து இருக்கலாம், வைரம் கம்மியாக இருக்கலாம், சாய்க்கும்போது வெடிக்கலாம், உங்கள் காப்பிச் செடி நசுங்காமல் இறக்க ஆள் கூலி அதிகம் என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார். பழைய மரத்தில் பொந்து இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தேகத்தின் விலையை முழுக்க விற்பவர் தலையில் கட்டுவதுதான் மொத்த விலை. மரத்தைச் சாய்த்து, துண்டு போட்டு, வெட்டுமுகத்தில் வைரத்தின் விட்டம் பார்த்து, தடி வாரியாக விலை பேசினால் அந்தச் சந்தேகமே இல்லை. அனுமதி இழுபறியாக இருக்கும் மரத்துக்கு இப்படிப் பேச முடியாது, சீக்கிரம் சீக்கிரம் என்பார்கள். முட்டிலில் அவசரம் எவ்வளவு இருந்தது என்பதை அந்த 101 நாளே சொல்கிறது.

தடிகளில் ஒரு பகுதி மலையிறங்கி எர்ணாகுளம் மாவட்டம் பெரும்பாவூருக்குப் போனது. மில்களுக்கும் பிளைவுட் ஆலைகளுக்கும் பேர்போன ஊர். ஆணை ரத்தான பிறகும் அத்தனை பெரிய ஈட்டித் தடிகள் செக்போஸ்ட் தாண்டி எப்படிப் போயின என்பது வழக்கின் முக்கியக் கேள்விகளில் ஒன்று. பெரும்பாவூரில் சரக்கைப் பார்த்த மில் தரப்பிலிருந்தே தகவல் கிளம்பியது. 2021 பிப்ரவரியில் மேப்பாடி வனச்சரகத்தினர் தடிகளைக் கைப்பற்றினார்கள். அவை சுல்தான் பத்தேரிக்கு அருகே குப்பாடியில் இருக்கும் வனத்துறை டிப்போவுக்கு வந்தன. கைப்பற்றிய அதிகாரியை வேறொரு மரவெட்டு விவகாரத்தில் சிக்கவைக்கத் துறைக்குள்ளேயே முயற்சி நடந்தது என்று பிறகு வனத்துறை விசாரணை அறிக்கை ஒன்று சொன்னது. தடுக்கும் அதிகாரி மீது நடவடிக்கை என்ற அந்த வரி வெறும் காகிதமாக இருக்கவில்லை.

தேர்தல் முடிந்து 2021 ஜூனில் விஷயம் சட்டசபையிலும் ஊடகங்களிலும் வெடித்தது. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. ஜூலையில் முக்கியக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் முன்ஜாமீன் மனுக்களை உயர்நீதிமன்றம் தள்ளியது, கைதானார்கள். 2023 டிசம்பரில் பத்தேரி நீதிமன்றத்தில் தாக்கலான குற்றப்பத்திரிகை 84,600 பக்கம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 12 பேர்.

இத்தனை பக்கத்துக்குள் வழக்கின் அச்சாணி என்று நான் கருதுவது பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. கைப்பற்றிய தடிகளின் மரபணுவை, முட்டிலில் தரையோடு நிற்கும் அடிக்கட்டைகளின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். எந்தத் தடி எந்த நிலத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. மரங்களின் வயதும் மதிப்பிடப்பட்டது. முந்நூறு வருடத்துக்கு மேற்பட்டவை பல. மிக மூத்ததற்கு 574 வருடம். செய்திகளில் மரபணுச் சோதனையே வயதைச் சொன்னது போல எழுதினார்கள். மரபணு அடையாளத்தைச் சொல்லும். வயதுக்கு வேறு வழிகள் வேண்டும். வெப்பமண்டல மரத்துக்கு 574 என்று ஒற்றை வருடக் கணக்குத் துல்லியம் தருவதை நானாக இருந்தால் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுவேன். ஆனால் வழக்குக்கு அந்தத் துல்லியம் தேவையே இல்லை. விதிகள் வந்தது 1964இல். அதன் கீழ் கொடுத்த எந்தப் பட்டயத்துக்கும் மரம் வெட்டிய நாளில் வயது அறுபதைத் தொட்டிருக்காது. பட்டயத்துக்குப் பிறகு வளர்ந்தது என்று சொல்லி வெட்டிய மரத்துக்கு நூறு வயது என்று நிரூபித்தாலே போதும், ஆணையின் குடைக்குள் அது வராது. அடிக்கட்டையைப் பார்த்தாலே ஊரில் எந்தக் கிழவரும் சொல்லக்கூடிய விஷயம். அதைக் கிராம அலுவலகம் சொல்லவில்லை. முட்டில் கிராம அலுவலர்களும் குற்றப் பட்டியலில் வந்தது அதனால்தான்.

அது அரசு மரம் என்று ஆனதும் வழக்கின் எடை மாறியது. பட்டய நிலம் காடு அல்ல. வனச்சட்டத்தின் கீழ் மட்டும் போனால் தண்டனை லேசானது. மரம் அரசுடையது என்றால் அது திருட்டு. பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. தன் காப்பித் தோட்டத்து நடுவில், தன் வேலிக்குள் நின்ற மரம் சட்டத்தில் பேருந்து போல, பாலம் போல ஒரு பொதுச் சொத்து என்று பல குடும்பங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் வனத்துறை போட்ட வழக்குகளில் நில உடைமையாளர்களும் குற்றவாளிகளாகவே நின்றார்கள். அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்ற பார்வை விசாரணை போகப்போகத்தான் வந்தது. அதற்குப் பிறகும் வருவாய்த்துறை நில பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அபராத நோட்டீஸ் அனுப்பியது. முன்பணமாகச் சில ஆயிரம் பார்த்த வீட்டுக்கு லட்சக்கணக்கில் நோட்டீஸ். ஊரில் போராட்டம் நடந்தது. நியாயம்தான்.

மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. முட்டிலிலிருந்து கூடலூர் ஒரு பேருந்துப் பயணம். அங்கேயும் ஜென்மம் நிலம், அங்கேயும் காப்பிக்குள் ஈட்டி, அங்கேயும் 1969இன் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் தீராத உரிமைச் சிக்கல். நாடு முழுவதும் காடு என்ற சொல்லுக்குச் சட்ட எல்லையை விரித்த கோதவர்மன் திருமுல்பாட் வழக்கே நீலகிரி மாவட்டத்தில், கூடலூர்ப் பக்கத்தில் நடந்த மரவெட்டிலிருந்துதான் புறப்பட்டது. அதில் 1996 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் இட்ட ஆணை, நிலம் யாருடையதாக இருந்தாலும் காடு காடுதான் என்றது. தமிழ்நாட்டில் மலைப் பகுதிகளுக்கு 1955ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அனுமதி தர வேண்டும். ஈட்டிக்கென்றே 1994இல் காலவரம்போடு தனிச் சட்டம் ஒன்றும் வந்தது. சந்தனத்தில் மட்டும் எதிர்த்திசையில் நகர்ந்தோம். பட்டா நிலத்துச் சந்தனம் 2002 திருத்தத்துக்குப் பிறகு நில உடைமையாளருக்கே சொந்தம், ஆனால் விற்பனை வனத்துறை வழியாகத்தான். 2008 விதிகள் அதற்கு வழிமுறை வகுத்தன. மறுபுறம், புறம்போக்கில் நிற்கும் புளியையும் பனையையும் அனுபவிக்க 2சி பட்டா என்று மரத்துக்கு மட்டும் உரிமை தரும் ஏற்பாடும் நம்மிடம் இருக்கிறது. நிலம் ஒருவருக்கு, மரம் வேறொருவருக்கு என்பது நம் வருவாய்க் கணக்குகளுக்குப் புதிதல்ல.

அதனால் மரம் விற்க நினைப்பவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பட்டாவை அல்ல, அந்தப் பட்டா எதிலிருந்து பிறந்தது என்ற காகிதத்தை. அரசுக்கு நேரடியாக வரி கட்டிவந்த பூர்வீக ரயத்துவாரி நிலமா, அரசு ஒப்படையா, நிபந்தனை ஒப்படையா, ஜென்மத்திலிருந்து மாறியதா? ஒப்படை என்றால் அசல் ஆணையும் அதன் நிபந்தனைப் பக்கமும் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் பழைய கோப்பு கிடைக்காது என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் பல நேரம் கிடைக்கும். கிராமத்தின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் மரங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளலாம். பிறகு நிலம் மலைப்பகுதி அறிவிக்கைக்குள் வருகிறதா, மரம் தனிச் சட்டம் உள்ள இனமா என்பது. விண்ணப்பத்தை உடைமையாளரே எழுதி, நேரில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து, ஆதார் நகல், பட்டா நகல் மூன்றையும் ஒன்றாகக் கேட்கிற புரோக்கரிடம் முன்பணம் வாங்காமல் இருப்பது நல்லது. அனுமதி கையில் வந்து, கொண்டுசெல்லும் பாஸ் எந்தத் தடிக்கு எத்தனை கன அடி என்று பார்த்த பிறகே லாரி வாசல் தாண்ட வேண்டும். இதெல்லாம் முடிய மாதங்கள் ஆகும். அதுவரை பொறுக்காத வியாபாரி போய்விடுவார்; ஈட்டி அப்படியே நிற்கும், அதற்கு ஒன்றும் ஆகாது.

கேரளத்தில் இதன் பின்விளைவு வேறு இடத்தில் வலிக்கிறது. ஆணை ரத்தானபோது ஐந்நூறு வயது ஈட்டியோடு சேர்த்து, 1980இல் ஒருவர் தன் கையால் நட்ட தேக்கும் மாட்டிக்கொண்டது. மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ அதை வெட்டலாம் என்று இருந்தவர்களுக்குப் பழைய சிக்கல் மறுபடி வந்தது. இதைத் தீர்க்க இன்னொரு பொது ஆணை உதவாது. ஒவ்வொரு பட்டயத்தின் மரப் பட்டியலையும் வெளியே எடுத்து, நிலத்தில் இப்போது நிற்கும் மரங்களோடு சுற்றளவு வாரியாக ஒப்பிட்டு, இது அரசு மரம், இது உன் மரம் என்று ஒரு முறை எண் போட்டுவிட வேண்டும். வருவாய்த்துறை சர்வேயரும் வனத்துறைக் காவலரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைதான். செலவுக்கு யோசித்தால், அரசு மரம் என்று முடிவானவற்றைப் பாதுகாத்ததற்காகப் பட்டயக்காரருக்கு விற்பனையில் ஒரு பங்கு என்று சட்டத்திலேயே எழுதலாம். அப்போது அடுத்த ஈட்டிக் கன்றைக் களையோடு பிடுங்க ஆள் இருக்காது.